சர்க்கரை இருக்குன்னு சொல்லியாச்சு, இனி இந்த மனுசர்களை என்ன செய்யறது?

வாய்க்கால்மேடு (கோபி பக்கம்)

வணக்கமுங்க. எனக்கு வயது 46, சர்க்கரை வந்து மூன்று வருடம். காலையும் இரவும் மாத்திரை. போன மாதம் எடுத்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனை) 8.4. டாக்டர் திட்டவில்லை. "நடங்க, ராத்திரிச் சோத்தைக் கொறைங்க" என்றதோடு விட்டார். நான் கேட்க வந்தது மருந்தைப் பற்றி இல்லை, மனுசர்களைப் பற்றி.

போன வாரம் நம்பியூரில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து இலைக்குத் தண்ணி தெளித்துக்கொண்டிருந்தேன். ஒப்புட்டுத் தட்டோடு பரிமாறுகிற பையன் வந்தான். இரண்டு வரிசை தள்ளி இருந்த என் வீட்டுக்காரரின் பெரியம்மா அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "அவளுக்கு வெக்காத சாமி, அவ சக்கரைக்காரி!" பையன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். மொத்தப் பந்தியும் ஒரு தரம் என் இலையைப் பார்த்தது. அந்த ஒப்புட்டை நான் கேட்கவே இல்லை. வைத்திருந்தாலும் ஓரமாகத்தான் ஒதுக்கியிருப்பேன்.

இதே பெரியம்மா வீட்டுக்குத் தீபாவளிக்குப் போனால் கச்சாயத்தைக் கையில் திணிப்பார். "ஒண்ணே ஒண்ணு கண்ணு, ஒண்ணுமாகாது." வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும்.

வீட்டுக்காரர் இதைப் பற்றிப் பேசவே மாட்டார். மகன் பெங்களூரில் வேலையில் இருக்கிறான். தினமும் பொழுதோட போன் பண்ணுவான், முதல் கேள்வியே "அம்மா, இன்னைக்கு எவ்வளவு?" தான். சாப்பிட்டியா, தூங்கினியா எல்லாம் அதற்கப்புறம். நான் என்ன செய்ய ஆரம்பித்திருக்கிறேன் தெரியுமா? சாப்பிட்ட பிறகு 236 வந்தால் 140 என்று சொல்கிறேன். அவனும் "சரிம்மா" என்று வைத்துவிடுகிறான்.

இந்தப் பொய் எனக்கே பிடிக்கவில்லை. உங்கள் வீட்டில் எல்லாம் எப்படி? துணைக்கு யார் இருக்கிறார்கள்? எப்படிக் கேட்டு வாங்கினீர்கள்?

பவர்டேபிள் (திருப்பூர்)

அக்கா, அந்த நம்பர் பொய்யை நானும் சொல்லியிருக்கிறேன். என் அம்மாவிடம்.

பனியன் கம்பெனியில் டைலர் வேலை எனக்கு. காலை மாத்திரை போட்டு அரை வயிறு சாப்பிட்டு எட்டரைக்கு உட்கார்ந்தால் பத்தரைக்கு டீ. அன்றைக்குச் சரக்கு போக வேண்டிய அவசரம், டீயைத் தள்ளிவிட்டார்கள். பதினொரு மணிக்குச் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கி, தைத்த தோள்பட்டையையே மறுபடியும் தைத்துக்கொண்டிருக்கிறேன். ஊசி இரண்டாகத் தெரிகிறது. சூப்பர்வைசர் என்னவோ விரதம் இருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார்.

மறுநாளே என் டேபிளில் இருக்கிற நான்கு பேருக்கு மட்டும் சொன்னேன். கம்பெனி முழுக்கச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். எனக்கு வேர்த்துக் கொட்டினாலோ கோபமாகப் பேசினாலோ ஒரு கேள்வியும் கேட்காதீர்கள், குளுக்கோஸைக் கையில் கொடுங்கள் என்றேன். அந்தப் பாக்கெட் இப்போது எதிர் டேபிள் பெண்ணின் நூல் டப்பாவில் இருக்கிறது. அவள் லீவு போட்டால் பக்கத்து டப்பாவுக்கு மாறும். நான் கேட்டது அவ்வளவுதான், அதை இரண்டு வருடமாக மறக்காமல் செய்கிறார்கள்.

பச்சிலை வைத்தியம் (ஊர் போடவில்லை)

எல்லாம் மனசுதான் காரணம். வெள்ளைச் சர்க்கரையை விட்டுவிட்டு நாட்டுச் சர்க்கரைக்கு மாறுங்கள், அது ஒன்றும் செய்யாது. மாத்திரையை நிறுத்திவிட்டு 48 நாள் சிறுகுறிஞ்சான் பொடி. சொந்தக்காரர் துணையெல்லாம் தேவையே இல்லை.

ஓய்வு_நர்ஸ் (ஈரோடு)

மேலே எழுதியவருக்கு: மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். நிறுத்திவிட்டு 400, 500 என்று வந்து படுத்தவர்களை வார்டில் நான் பார்த்திருக்கிறேன். நிறுத்தாமல் மாத்திரையோடு சேர்த்துப் பொடியும் குடித்தால் சர்க்கரை சட்டென்று இறங்கவும் வாய்ப்புண்டு. எதைச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.

நாட்டுச் சர்க்கரை விசயம். கவுந்தப்பாடிச் சர்க்கரை பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே போகிறது, ருசியில் குறை சொல்ல ஆளில்லை. ஆனால் ரத்தத்துக்குள் போனால் அது செய்கிற வேலையும் வெள்ளைச் சர்க்கரை செய்கிற வேலையும் ஏறக்குறைய ஒன்றுதான். கருப்பட்டி, தேன், தெளுவு எல்லாமே அந்தக் கணக்குத்தான்.

கோபி அம்மிணி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வார்டில் இருந்தவரைக்கும் ஒன்றைக் கவனித்தேன். "நல்லாப் பாத்துக்கங்க" என்று சொல்லி அனுப்பினால் சொந்தக்காரர்களுக்கு என்ன செய்வது என்று தெரியாது. தெரியாததால் கத்துவார்கள், அல்லது ஊட்டிவிடுவார்கள். உங்கள் பெரியம்மா இரண்டையும் செய்கிறார். அவருக்கு ஒரு வேலை கொடுத்துப் பாருங்களேன்.

ரிக்வண்டி (திருச்செங்கோடு)

போர்வெல் லாரியில் 19 வருடம். வருடத்தில் எட்டு மாதம் சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் பக்கம்தான் இருப்பேன். வீட்டாள் பக்கத்தில் இருந்தும் துணை இல்லை என்கிறீர்கள். எனக்கு வீடே ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி. ஆறு வருடமாக இன்சுலின்.

முதலில் யாரிடமும் சொல்லவில்லை. லாரிக்குப் பின்னால் போய் நின்று வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வேன். ஒரு நாள் சமையல்காரர் பார்த்துவிட்டு நான் ஏதோ போதை ஊசி போடுகிறேன் என்று ஓனருக்கே போன் பண்ணிவிட்டார். அதில் ஒரு பஞ்சாயத்து. அது முடிந்ததும் "சுகர் பார்ட்டி" என்று பேர் வைத்தார்கள். சரி, வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் ராத்திரி இரண்டு மணி. 600 அடி தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது, தண்ணி இல்லை, பாதியில் நிறுத்தவும் முடியாது. எட்டு மணிக்கு ஊசி போட்டவன் இரண்டு கவளத்தோடு எழுந்து வந்துவிட்டேன். உடம்பெல்லாம் வேர்வை. லீவரைப் பிடித்துக்கொண்டு நான் என்ன பேசினேன் என்று எனக்கே தெரியாது. ஜார்கண்ட் பையன் ஒருவன் ஹெல்பர், இருபது வயதுகூட இருக்காது. குடித்திருக்கிறேன் என்றுதான் முதலில் நினைத்தானாம். பக்கத்தில் வந்து மோந்து பார்த்திருக்கிறான், வாசம் இல்லை. சட்டென்று மெசினை நிறுத்தச் சொல்லிவிட்டு, டீக்கு வைத்திருந்த சர்க்கரையை ஒரு டம்ளர் தண்ணியில் கலக்கிக் கொண்டுவந்து கொடுத்தான். அவன் ஊரில் அவன் தாத்தாவுக்கும் இது உண்டாம்.

அன்றைக்கு அப்புறம்தான் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தேன். தமிழ்க்காரர்களுக்குத் தமிழில், வடக்கத்திப் பையன்களுக்கு "மீட்டா பானி" (இனிப்புத் தண்ணி) என்று இரண்டே வார்த்தையில். மூன்று நாலு ஸ்பூன் சர்க்கரை, கால் மணி நேரம் பொறு, இன்னும் நடுக்கம் இருந்தால் மறுபடி கொடு, தெளிந்ததும் சோறு போடு. மயங்கிக் கிடந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாதே, ஒருக்களித்துப் படுக்கப் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கு.

இன்சுலினுக்கு மட்டும் ஒரு ஏற்பாடு. மே மாதம் அங்கே 44, 45 டிகிரி, வண்டியில் பிரிட்ஜ் கிடையாது. பெரிய மண்சட்டிக்குள் சின்னச் சட்டி, நடுவில் மணல். மணலில் காலையும் மாலையும் தண்ணி ஊற்ற வேண்டும், மேலே ஈரத்துணி. தண்ணி ஊற்றுகிற வேலையை அந்த ஜார்கண்ட் பையன் தானாக எடுத்துக்கொண்டான். நான் மறந்தாலும் அவன் மறக்க மாட்டான். என்னைச் சுகர் பார்ட்டி என்று கூப்பிடுவதையும் அவன் விடவில்லை.

ஓய்வு_நர்ஸ்

மண்சட்டி நல்ல யோசனை. இன்னொன்று, ஊசி வாங்க வேறு ஆளை அனுப்பினால் மூடியின் நிறத்தைச் சொல்லி அனுப்புங்கள். நம் ஊர் இன்சுலின் குப்பி பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. ஆரஞ்சு மூடி 100 யூனிட்டுக்கு. மாற்றி வாங்கினால் அளவு மொத்தமாகக் கெட்டுப்போகும். கடைக்குப் போய் வருகிறவர்களுக்கு இது ஒன்று தெரிந்தாலே பெரிய உதவி.

தொண்டுப்பட்டி (காங்கேயம்)

நான் எதிர்ப்பக்கத்து ஆள். சர்க்கரை என் வீட்டம்மாவுக்கு. கோபி அக்கா சொன்ன அந்தப் பெரியம்மா வேலையை நான் இரண்டு வருடம் முழுநேரமாகப் பார்த்தேன்.

பிஸ்கட்டை எண்ணி வைப்பேன். சீனி டப்பாவை அட்டாரியில் ஏற்றி வைப்பேன். ஒரு நாள் அரிசி அண்டாவைச் சாய்த்தபோது அடியில் ஒரு துணி முடிச்சு. பிரித்தால் நாலு கச்சாயம். ஐம்பது வயதுப் பொம்பளை, அவள் வீட்டில், அவள் அண்டாவில், எனக்குப் பயந்து ஒளித்து வைத்திருக்கிறாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றே தெரியவில்லை. பழையபடி முடிந்து அரிசியைத் தள்ளி மூடிவிட்டேன். இன்று வரைக்கும் நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது. இதை இங்கே படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அதற்கப்புறம் ஒன்று செய்தேன். மெசினை எடுத்து என் விரலில் முதலில் குத்திக்கொண்டேன். விரல் நுனி என்ன வலி வலிக்கிறது! தினமும் இதைச் செய்கிற ஆளையா மிரட்டிக்கொண்டிருந்தோம் என்று ஆகிவிட்டது. பொழுதோட எனக்கும் சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேருக்கும் ராகிக் களி, கொள்ளுப் பருப்பு, ஒரு கீரை. களியும் அளவு மீறினால் சர்க்கரையை ஏற்றும் என்று டாக்டர் சொன்னார், அதனால் இரண்டு பேருக்கும் ஒரே அளவு உருண்டை. "அரிசியும் பருப்பும் சோறு" மட்டும் வாரத்தில் ஒரு நாள் உண்டு. அதை விடச் சொன்னால் விவாகரத்தே ஆகிவிடும்.

தறிச்சத்தம் (சோமனூர்)

எல்லாரும் "சொல்லாதே, கண்காணிக்காதே" என்கிற மாதிரியே எழுதுகிறீர்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. சொல்லாததால் என்ன ஆச்சு என்று நான் சொல்கிறேன்.

எங்கள் அய்யனுக்கு 12 வருடம் சர்க்கரை. வீட்டில் ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை, மரியாதை. தைப்பூசத்துக்கு வருடா வருடம் பழனிக்கு நடப்பார், வெறுங்காலோடு. கடைசியாக நடந்த வருடம் தாராபுரம் தாண்டி எங்கேயோ காலில் கண்ணாடிச் சில்லு ஏறியிருக்கிறது. அவருக்குத் தெரியவே இல்லை. உள்ளங்காலில் உணர்ச்சி போய் எத்தனை நாளோ. மலை ஏறி, முடி இறக்கி, பஞ்சாமிர்தம் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டார். நாலாம் நாள் வாசம் வந்த பிறகுதான் அம்மா காலைப் பார்த்தாள். இரண்டு விரல் போச்சு. அந்தக் காலை ஒரே ஒரு ராத்திரி யாராவது திருப்பிப் பார்த்திருந்தால் போயிருக்காது.

இப்போது எனக்கும் வந்துவிட்டது, வயது 41. என்னைக் கண்காணியுங்கள் என்று நானே கேட்கிறேன்.

தொண்டுப்பட்டி

மாப்பிள்ளை, உங்கள் கோபம் நியாயம்தானுங்க. நான் அவள் காலைப் பார்க்கவில்லை, டப்பாவைத்தான் பார்த்தேன்.

தறிச்சத்தம்

சரிங்க மாமா. நானும் கொஞ்சம் சூடாகிவிட்டேன்.

எங்கள் வீட்டில் என் மகனுக்குப் பத்து வயது. படுக்கப் போகும் முன் செல்போன் டார்ச்சை அடித்து என் உள்ளங்காலைப் பார்ப்பான். விரலிடுக்கெல்லாம் பிரித்துப் பார்ப்பான். வெடிப்பு இருந்தால் காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் 'வெ' என்று எழுதுவான். தறிக் குடோனில் செருப்பு இல்லாமல் நடந்தால் மாமனிடம் சொல்லிக் கொடுத்துவிடுகிறான். இந்த வருடம் பழனிக்கு ஷூ போட்டு நடந்தேன். முருகன் ஒன்றும் சொல்லவில்லை, கூட வந்தவர்கள்தான் சொன்னார்கள்.

தென்னந்தோப்பு_அம்மா (பொள்ளாச்சி)

எங்கள் கதை வேறு. மகளுக்கு ஒன்பது வயது, முதல் வகைச் சர்க்கரை. கணையத்தில் இன்சுலின் சுரக்கிற செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுவதால் வருவது. சாக்லேட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த ஒரு வரியை நான் எத்தனை தரம், எத்தனை வீட்டு வாசலில் நின்று சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. "செல்லம் கொடுத்துச் செல்லம் கொடுத்து இப்படிப் பண்ணிட்டே" என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னவர்கள் உண்டு.

பள்ளிக்கூடத்தில் முதலில் மிஸ் பயந்தார்கள். நான் ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தேன்: 70க்குக் கீழே போனால் என்ன செய்ய வேண்டும், என் நம்பர், அவள் அப்பா நம்பர். விளையாட்டு சார் அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டார். கோகோ ஆடும்போது அவள் திடீரென்று சண்டைக்குப் போனால் சர்க்கரை இறங்குகிறது என்று அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். நாங்களே கவனிக்காதது அது.

நவம்பர் 14 குழந்தைகள் தினம். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பான்டிங் பிறந்ததும் அதே நாள், அதனால் உலக நீரிழிவு நாளும் அன்றைக்குத்தான். 1922 சனவரியில் முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டதே 14 வயதுப் பையனுக்குத்தான் என்று வகுப்பில் எழுந்து நின்று சொன்னாளாம். "எனக்கு முன்னாடி அந்த அண்ணன் போட்டுக்கிட்டான்" என்று.

அது எல்லாம் சரி. "பொட்டப்புள்ள, வெளிய சொல்லாத, நாளைக்குக் கட்டிக் குடுக்கணும்" என்கிறார் என் அம்மா. இதற்கு என்ன பதில் சொல்வது?

நாலு_ஊசி (கோவை)

அக்கா, எனக்கும் முதல் வகைதான். 13 வயதில் வந்தது, இப்போது 28. சாதகம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள் என்று வீட்டில் பிடிவாதமாக நின்றேன். இரண்டு இடம் திரும்பி வரவே இல்லை. மூன்றாவது பையன் கேட்ட கேள்வி: "ஊசி நான் போட்டுவிடக் கத்துக்கணுமா, இல்ல நீங்களே போட்டுக்குவீங்களா?" நானே போட்டுக்கொள்வேன் என்றேன். கல்யாணம் ஆகி ஒன்றரை வருடம். உங்கள் மகளுக்கு ஒன்பது வயதுதானே ஆகிறது, அம்மாயியிடம் இப்போது பதில் சொல்ல வேண்டியதே இல்லை. என்னால் முடியாத நாளில் என் வீட்டுக்காரர் ரேஸ்கோர்ஸில் ஒரு சுற்று கூட்டிப்போவார். நான் திட்டிக்கொண்டே நடப்பேன்.

மருந்துப்பை (பெருந்துறை பக்கம்)

நான் மக்களைத் தேடி மருத்துவத்தில் வேலை பார்க்கிறேன். 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். பிரசருக்கும் சர்க்கரைக்கும் மாதாமாதம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

ஒரு வீதியில் அடுத்தடுத்து இரண்டு வீடு. இரண்டு வீட்டிலும் அம்மாக்களுக்குச் சர்க்கரை. ஒருத்தர், மருமகள் வேலைக்குப் போன பிறகு வரச் சொல்வார். இன்னொருத்தர் பொடக்காளிப் பக்கமாக வரச் சொல்வார். பக்கத்து வீட்டுக்குத் தெரிய வேண்டாமாம். நடுவில் இருக்கிறது ஒரே ஒரு மதில். ஒருவர் விசயத்தை இன்னொருவரிடம் நான் சொல்லக் கூடாது, சொல்லவும் இல்லை. ஆனால் இரண்டு பேரிடமும் தனித்தனியாக, "துணைக்கு ஒரு ஆள் கிடைச்சா ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ரத்தம் குடுக்க வருவீங்களா?" என்று கேட்டேன். இரண்டு பேரும் சரி என்றார்கள். "யாருன்னு சொல்லட்டுமா?" என்றேன். ஒருத்தர் ஒரு மாதம் யோசித்தார்.

இப்போது ஒரே ஆட்டோவில் போகிறார்கள், பாதிப் பாதி வாடகை. மதிலுக்கு மேலே கொள்ளு ரசம் கை மாறுகிறது. அந்த மருமகளுக்கு எப்பவோ தெரியுமாம்.

2023இல் வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வுப்படி இந்தியாவில் சர்க்கரை உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல். கோபி அக்கா, உங்களோடு அந்தப் பந்தியில் உட்கார்ந்த எத்தனை பேருக்கு இருக்குமோ, சத்தம் போட்ட அந்தப் பெரியம்மாவையும் சேர்த்து.

ஓய்வு_நர்ஸ்

அதோடு இதையும் குறித்துக்கொள்ளுங்கள். மருந்து, சாப்பாட்டுச் சந்தேகம் என்றால் அரசு மருத்துவ உதவி எண் 104க்குப் போன் பண்ணுங்கள். குத்திக் குத்தி, எண்ணி எண்ணி மனசு விட்டுப்போய் "என்ன செஞ்சு என்ன ஆகப்போகுது" என்று தோன்றினால் அரசு மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம். அந்தச் சலிப்பும் இந்த நோயோடு வருவதுதான். மறைக்க வேண்டிய விசயம் இல்லை.

வாய்க்கால்மேடு

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கணுமுங்க. நெல் அறுப்பு.

முதலில் பெரியம்மா. நர்ஸ் அம்மா சொன்னபடி வேலை கொடுத்தேன். வீட்டுக்கே போய், "பெரியம்மா, பந்தியில எனக்குப் பொரியலே பத்த மாட்டேங்குது, நீங்கதான் பாத்து வெக்கச் சொல்லோணும்" என்றேன். அவருக்கு ஒரே சந்தோசம். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சீர். மூன்று வரிசை தள்ளி இருந்து, "ஏனுங்க தம்பி, எங்க புள்ளைக்கு இன்னொரு கரண்டி பீன்ஸ் வையுங்க!" இப்போதும் மொத்தப் பந்தியும் என் இலையைத்தான் பார்த்தது. சத்தம் ஒரு துளிகூடக் குறையவில்லை. ஒப்புட்டு வைக்கிற பையனை மட்டும் அவர் தடுக்கவில்லை. பாதி பிய்த்துச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

மருந்துப்பை கேட்டதற்கும் பதில். ஆமாங்க, அவருக்கும் இருக்கிறது. ஒன்பது வருடமாம். காதோரம் வந்து சொன்னார். அந்த ஒரு விசயத்தை மட்டும் அவருக்கு மெதுவாகப் பேச வருகிறது.

வீட்டுக்காரரிடம் "கூட நடங்க" என்று கேட்கவில்லை, கேட்டால் வர மாட்டார். தடப்பள்ளி வாய்க்கால் மேட்டில் நாய்த் தொல்லை என்று மட்டும் சொன்னேன். மறுநாள் வெடியால ஒரு வேப்பங்குச்சியோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் முன்னால், அவர் பத்தடி பின்னால். இப்போது பத்தடி நாலடி ஆகியிருக்கிறது. பேச்சு என்னவோ நெல் விலைதான்.

மகன் விசயம். ஒரு நாள் உள்ளதைச் சொல்லிவிட்டேன். "கண்ணு, 228. இத்தனை நாள் சொன்னதுல பாதி பொய்." ரொம்ப நேரம் சத்தமே இல்லை. கோபித்துக்கொண்டான் என்றுதான் நினைத்தேன். அப்புறம் சொன்னான்: "எனக்கு வெறும் வயித்துல 118 வந்துருக்கும்மா. ரெண்டு மாசமாச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல." சர்க்கரைக்கு முந்தின நிலை அது. அவனுக்கு 25 வயது.

இப்போது பொழுதோட போன் வந்தால் இரண்டு பேரும் நடந்ததைச் சொல்லிக்கொள்கிறோம். நேற்று அவன் 7,000 அடி. என் போனில் 4,300 தான் காட்டியது, அதையேதான் சொன்னேன்.

பவர்டேபிள்

அக்கா, உங்கள் பெரியம்மாவை ஒரு வாரத்துக்கு எங்கள் கம்பெனிக்கு அனுப்பி வையுங்கள். பத்தரை மணி டீயை இன்னமும் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தக் குரலுக்காவது கேட்பார்கள்.